வேலூர் சத்துவாச்சாரியில் இயற்பியல் டியூஷன் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பீஸ், பேட்ச், பாடம் பற்றி யோசனை தேவை

மாடிவீட்டு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்எஸ்சி இயற்பியல், பிஎட். ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பையனை எல்கேஜி சேர்த்ததும் வேலையை விட்டுவிட்டேன். சத்துவாச்சாரி பேஸ் டூ பக்கம் வீடு. மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஜூனில் டியூஷன் தொடங்கலாமா என்று யோசனை.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "பத்தாம் வகுப்புக்கு எல்லா பாடமும் எடுங்க, அப்பதான் பிள்ளைங்க சேருவாங்க" என்கிறார் ஒருவர். இன்னொருவர், போர்டில் நீட் என்று போடாவிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்கிறார். காந்தி நகரில் இரண்டு வீட்டில், வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். எனக்கு இயற்பியல் கை வந்த பாடம். வேதியியல் பத்தாம் வகுப்பு வரை தைரியமாக எடுப்பேன். உயிரியல் என்றால் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டத்தான் முடியும், அதற்கு நான் எதற்கு?

எந்த வகுப்பில் தொடங்குவது, எவ்வளவு வாங்குவது, வீட்டுக்குப் போய் எடுப்பது கட்டுப்படியாகுமா? இந்த ஊரில் டியூஷன் எடுப்பவர்கள் யாராவது சொன்னால் உபகாரமாக இருக்கும்.

வெயிலூரான்:

மாடி அறையா? ஏப்ரல், மே மாதத்தில் வெப்ப இயற்பியலைத் தனியாக நடத்தவே வேண்டாம் டீச்சர். பிள்ளைகள் உட்கார்ந்தே புரிந்துகொள்வார்கள்.

காட்பாடி ரயிலடி:

நான் ஆராய்ச்சி மாணவன். செலவுக்காக வீட்டுக்குப் போய் இயற்பியல், கணக்கு எடுக்கிறேன். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், மாதம் 3,000 வாங்குகிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சத்துவாச்சாரியிலிருந்து காந்தி நகர் வர வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு கிரீன் சர்க்கிளைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பாடம் எடுக்கிற தெம்பு பாதி போய்விடும். ஒரு பிள்ளைக்குச் செலவாகும் அந்த நேரத்தில் உங்கள் மாடியில் எட்டுப் பேருக்கு எடுக்கலாம்.

வீட்டுக்குப் போவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் போய் நிற்கும்போதுதான் பையன் குளிக்கப் போவான். "கொஞ்சம் உக்காருங்க சார், காபி சாப்பிடுங்க" என்பார்கள். காபி நன்றாகவே இருக்கும், நேரம்தான் போய்விடும்.

தோட்டப்பாளையம் வாத்தியார்:

டீச்சர், நான் இருபது வருஷத்துக்கு மேலாக வேதியியல் டியூஷன் எடுக்கிறவன். நீங்கள் கேட்டதில் முக்கியமான கேள்வி எந்த வகுப்பு என்பதுதான். பீஸ் எல்லாம் தன்னால் அமையும்.

என்னைக் கேட்டால் பிளஸ் ஒன்னைப் பிடியுங்கள். இந்த ஊரில் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் தெருவுக்குத் தெரு டியூஷன் இருக்கிறது, பிளஸ் ஒன்னுக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் கவிழ்வதோ அங்கேதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை நெட்டுரு போட்டே தொண்ணூறு வாங்கிவிடலாம். அந்தத் தைரியத்தில் சயின்ஸ் குரூப் எடுத்து ஜூன் மாதம் உட்கார்ந்தால் முதல் பாடத்திலேயே பரிமாணப் பகுப்பாய்வு, அடுத்த பாடத்தில் வெக்டர், வகையீடு. கணக்கு டீச்சர் வகையீட்டுக்கு வந்து சேர இன்னும் மாதங்கள் இருக்கும். இயற்பியல் புரியவில்லை என்று பிள்ளை வீட்டில் சொல்கிறது. புரியாதது அதிலிருக்கும் கணக்கு.

2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதற்கு முன் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தையே தொடுவதில்லை, இரண்டு வருஷமும் பிளஸ் டூதான். 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வரும். நீட்டிலோ இரண்டு வருஷப் பாடமும் உண்டு. பிளஸ் டூ மின்காந்தத் தூண்டல் புரிய வேண்டுமென்றால் பிளஸ் ஒன் விசையும் ஆற்றலும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் தாண்டிப் போகிற வருஷத்தை நீங்கள் பொறுமையாக எடுத்தால் உங்களிடம் ஆள் வராமல் எங்கே போவார்கள்?

பாலாற்றங்கரை:

சார் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. என் பெண் பத்தில் அறிவியலில் 96. பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் 31. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குப் படிப்பே வராதோ என்று அவளே நினைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாடிவீட்டு டீச்சர்:

வாத்தியார் சார், ரொம்ப நன்றி. பள்ளியில் இருந்தபோது நானும் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் போர்ஷன் முடிக்கிற ஓட்டத்தில் நின்று கவனிக்க நேரம் இருக்காது. புதிதாக வரும் பிள்ளைக்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? பழைய மார்க்கைப் பார்ப்பீர்களா?

தோட்டப்பாளையம் வாத்தியார்:

மார்க்கைப் பார்த்து ஒன்றும் தெரியாது. முதல் நாள் பாடமே எடுக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து இந்த ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள்: ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6×10⁻¹⁹ கூலூம் என்றால், ஒரு கூலூம் மின்னூட்டத்தில் எத்தனை எலக்ட்ரான்? பிளஸ் டூ முதல் பாடத்தில் இருப்பதுதான், ஆனால் பத்து முடித்த பிள்ளை போட வேண்டிய கணக்கு.

அவர்கள் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். 1-ஐ 1.6-ஆல் வகுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். 0.625 வரை ஒழுங்காக வந்துவிடுவார்கள். அப்புறம் கீழே இருக்கிற மைனஸ் 19-ஐ அப்படியே தூக்கி மேலே வைத்து, விடை 6.25×10⁻²⁰ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். சரியான விடை 6.25×10¹⁸. அடுக்கு தப்பியதுகூடப் பெரிய விஷயமில்லை, அரை மணி நேரத்தில் சரி செய்யலாம். ஒரு எலக்ட்ரானில் கோடியில் கோடியில் ஒரு பங்குகூட வராத எண்ணை எழுதிவிட்டு, "இது எப்படி?" என்று ஒரு கணம் தயங்குகிறதா அந்தப் பிள்ளை, அதுதான் நான் பார்ப்பது. தயங்குகிற பிள்ளை சீக்கிரம் தேறிவிடும். தயங்காததற்கு முதல் மாதம் முழுக்க அடுக்கு, மடக்கை அட்டவணை, அலகு மாற்றம், சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது, இவ்வளவுதான். பெற்றோர் "இன்னும் பாடமே ஆரம்பிக்கலையா?" என்பார்கள். ஆரம்பித்தாயிற்று என்று சொல்லுங்கள்.

ஒடுகத்தூர் ஆசிரியை:

இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். கொஞ்சம் கசப்பாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது. அவர்களுக்கு டியூஷன் என்ற பேச்சே இல்லை. டவுனில் பாதி வகுப்பு டியூஷன் போகிறது என்றால் பள்ளி ஆசிரியரும் "தெரியாதவன் அங்கே கேட்டுக்கொள்வான்" என்று ஓட்டிவிடுகிறார். பிள்ளையும் பகலில் தூங்கிவிட்டு ராத்திரி காசு கொடுத்துக் கேட்கிறான். டியூஷனுக்குப் போக முடியாத பிள்ளை இரண்டு பக்கமும் இழக்கிறான்.

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. மாடிவீட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டார், அவருக்குச் சிக்கல் இல்லை. நாளைக்குத் திரும்ப ஏதாவது பள்ளியில் சேர்ந்தால் யோசிக்க வேண்டும். நான் எடுப்பதில்லை. பள்ளி முடிந்து அரை மணி நேரம் சந்தேகம் கேட்க வரச் சொல்வேன், காசில்லாமல்.

தோட்டப்பாளையம் வாத்தியார்:

> தெரியாதவன் அங்கே கேட்டுக்கொள்வான் என்று ஓட்டிவிடுகிறார்

மேடம், அப்படி ஓட்டுகிறவர் டியூஷன் இல்லாவிட்டாலும் ஓட்டுவார். வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மோல் கருத்தை ஒவ்வொருவருக்கும் புரியவைக்க யாராலும் ஆகாது, அது ஆசிரியர் குற்றமும் இல்லை. நான் பிழைப்புக்காக எடுக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் பகலில் தூங்குகிறவனை நானும் சேர்ப்பதில்லை.

ஒடுகத்தூர் ஆசிரியை:

நீங்கள் சேர்க்காமல் இருக்கலாம் சார். அடுத்த தெருவில் சேர்க்கிறார்களே. சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. டீச்சர், பேட்சில் ஒன்றிரண்டு இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பீஸ் இல்லாமல் வையுங்கள். 2020 முதல் அவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இடம் இருந்தும், இயற்பியல் பயத்திலேயே நீட் பக்கம் போகாத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மாடிவீட்டு டீச்சர்:

கண்டிப்பாக வைக்கிறேன் மேடம். நீட் பற்றித்தான் அடுத்த கேள்வி. போர்டில் போடலாமா, வேண்டாமா?

காட்பாடி ரயிலடி:

வேண்டாம் அக்கா. நீட்டில் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. அதில் 90 உயிரியல், இயற்பியலும் வேதியியலும் 45, 45. தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. கால்குலேட்டர் கிடையாது. பொதுத்தேர்வுக்குப் படிகளை ஒவ்வொன்றாக எழுதப் பழக்குவீர்கள். அங்கே அதே கணக்கை மனதிலேயே தோராயமாகப் போட்டு நாலு விடையில் மூன்றைத் தள்ளத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே பேட்சில் வைத்தால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் திட்டுவார்கள்.

பொறியியல் போகிற பிள்ளைகள்தான் உங்களுக்குச் சரியான ஆட்கள். கட் ஆப் 200-இல் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் பத்து மார்க் கூடினால் கட் ஆப் ஐந்து ஏறும். வேலூரில் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறார்கள், பெற்றோருக்கு இந்தக் கணக்கை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

குடியாத்தம் கெமிஸ்ட்ரி:

பாடம் எடுக்கும் விதம் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லாரும் கைடும் ஒன் மார்க்கும் வைத்து எடுக்கிறார்கள். நம் ஜில்லா மாதிரி அறிவியல் சொல்லித் தர வாகான இடம் கிடையாது என்பேன். பழைய வட ஆற்காடு முழுக்க, இப்போதைய ராணிப்பேட்டை, திருப்பத்தூரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆக்சிஜனேற்ற எண் எடுக்கிறேன் என்று வையுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. "வெட் ப்ளூ பார்த்திருக்கிறாயா?" என்றால் கை தூக்குவார்கள். வெட் ப்ளூ என்பது குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல். அதற்கு ஏன் அந்த நீல நிறம்? பதனிடப் போடும் குரோமியம் உப்பில் குரோமியம் +3 நிலையில் இருக்கிறது. அதே குரோமியம் பொட்டாசியம் டைகுரோமேட்டில் +6, ஆரஞ்சு நிறம், நஞ்சு. பொட்டாசியம் இரண்டுக்கும் சேர்த்து +2, ஆக்சிஜன் ஏழுக்கும் சேர்த்து -14. மீதி +12-ஐ இரண்டு குரோமியம் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு +6. இதை அவனே போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ராணிப்பேட்டையில நிலத்தடித் தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றது எது சார், மூணா ஆறா?" என்று கேட்டான் ஒருவன். தண்ணீரில் எளிதாகக் கரைந்து பரவுவது ஆறுதான், பயப்பட வேண்டியதும் அதுதான். அன்றைக்கு அந்தப் பாடத்தை நான் அதற்கு மேல் நடத்தவில்லை, அவர்களே நடத்திக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் தீப்பெட்டி இருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். ஆக்சிஜனேற்றி ஒரு பக்கம், எரிவது இன்னொரு பக்கம். சேர்ந்தால்தான் பற்றும் என்று பிரித்து வைத்திருக்கிறான். ஒரு தீப்பெட்டிச் செலவில் பாடம் முடிந்தது. போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படியும் உப்பில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கார்பனேட், அமிலம், கார்பன் டைஆக்சைடு. இதற்கு ஆய்வகம் எதற்கு?

மாடிவீட்டு டீச்சர்:

அருமை சார்! என் மாடியிலிருந்து மலை தெரிகிறது. ஒரு குவிலென்ஸ் வாங்கி, ஜன்னலைத் தவிர எல்லாவற்றையும் மூடிவிட்டு, எதிர்ச் சுவரில் மலையைத் தலைகீழாக விழவைத்தால் தூரத்துப் பொருள் முறையில் குவியத் தூரம் கண்டுபிடிக்கலாம். அப்படியே நிஜ பிம்பம் என்றால் என்ன என்பதும் முடிந்துவிடும். பள்ளியில் இதை எழுதிப்போட்டுத்தான் நடத்தியிருக்கிறேன்.

குடியாத்தம் கெமிஸ்ட்ரி:

அதைப் பிடித்துக்கொண்டு காவலூர் தொலைநோக்கி வரை போகலாம். 2.34 மீட்டர் குழியாடி, நம் ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. லென்ஸை விட்டுவிட்டு ஏன் ஆடி வைத்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:

பெற்றோர் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஏழரைக்குள் விட்டுவிடுங்கள். நேரமாகும் என்றால் முன்னாலேயே போன் போடுங்கள். தினம் வாட்ஸ்அப்பில் மார்க் ஷீட் போட்டு எல்லார் பேரையும் வரிசையாக அனுப்பும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பழைய டியூஷனில் அப்படித்தான் செய்தார்கள். என் பெண் கடைசியில் இருந்த நாளெல்லாம் போனை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்வாள். மாதம் ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். "நல்லா பண்றா, இன்னும் கொஞ்சம் எபர்ட் போடணும்" என்று பொதுவாகச் சொல்வதில் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தோட்டப்பாளையம் வாத்தியார்:

பீஸ் பற்றி. நான் பிளஸ் டூ வேதியியலுக்கு மாதம் 800 வாங்குகிறேன், ஒரு பேட்சில் பதினைந்து பேர். நீங்கள் ஆறேழு பேரோடு தொடங்கினால் ஆயிரம் கேட்கலாம், குறைத்துத் தொடங்காதீர்கள். இந்த ஊரில் ஒருமுறை குறைத்த பீஸை ஏற்றுவது குதிரைக்கொம்பு. அக்கா தங்கை இருவர் வந்தால் கொஞ்சம் விடுங்கள். மாத முதல் வாரத்தில் வாங்கிவிடுங்கள், கடைசியில் என்றால் தேர்வு முடிந்த மாதத்துக் காசு வராது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து முன்பணம் கேட்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் காசுக்காக உட்கார்ந்திருக்கும். ஏப்ரல், மே வருமானம் கிடையாது என்று வைத்தே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

பதிவு, லைசென்ஸ் என்று யாராவது பயமுறுத்துவார்கள். மத்திய அரசு 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, அதில் வருவது ஐம்பது மாணவருக்கு மேல் உள்ள மையம். ஜிஎஸ்டி வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான். அந்த நிலை வந்தால் எனக்கு ஒரு பார்ட்டி வையுங்கள்.

வெயிலூரான்:

நான் முதலில் சொன்னது ஜோக் இல்லை. மொட்டை மாடித் தளத்துக்கு இப்பவே வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துவிடுங்கள். மேற்குப் பக்க ஜன்னலுக்கு மூங்கில் தட்டி. நாலு மணி வெயில் அந்தப் பக்கம்தான் இறங்கும். பேனை நம்பினால் சூடான காற்றைத்தான் சுற்றி விடும்.

மாடிவீட்டு டீச்சர்:

பெயின்டர் நாளைக்கே வருகிறார்!

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். ஜூனில் பிளஸ் ஒன் இயற்பியல் ஒரு பேட்ச், எட்டுப் பேர், அதில் இரண்டு இடம் பீஸ் இல்லாமல். திங்கள், புதன், வெள்ளி ஐந்தரை முதல் ஏழு வரை. முதல் மாதம் கணக்குதான் என்று சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன். இவர்களே அடுத்த வருஷம் பிளஸ் டூ பேட்ச். காந்தி நகர் வீடுகளுக்கு முடியாது என்று சொல்லியாயிற்று. ஒரு வீட்டில் கொஞ்சம் வருத்தம்தான். நீட் போர்டு கிடையாது.

பத்தாம் வகுப்பும் கேட்கிறார்கள். புத்தகத்தில் 23 பாடத்தில் முதல் 11 இயற்பியலும் வேதியியலும். அதை மட்டும் சனி, ஞாயிறு காலையில் நான் எடுத்து, மீதிக்கு உயிரியல் தெரிந்த ஒருவர் சேர்ந்து எடுத்தால் நன்றாக இருக்கும். பீஸைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சத்துவாச்சாரி, அல்லாபுரம், காகிதப்பட்டறை பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

பாலாற்றங்கரை:

டீச்சர், எட்டில் ஒரு இடம் என் பெண்ணுக்கு எழுதிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ போகிறாள், ஆனாலும் பிளஸ் ஒன் பேட்சில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்கிறேன் என்கிறாள். சேர்ப்பீர்களா?

மாடிவீட்டு டீச்சர்:

தாராளமாக வரச் சொல்லுங்கள் சார். பிளஸ் டூ பாடத்துக்கு வியாழக்கிழமை தனியாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். விவரத்துக்குத் தனிமடல் போடுங்கள்.

அல்லாபுரம் விலங்கியல்:

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இந்த இழைக்காகத்தான். எம்எஸ்சி விலங்கியல், தாவரவியலும் பத்தாம் வகுப்பு வரை எடுப்பேன். சனிக்கிழமை சரி, ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல்தான் வர முடியும். பரவாயில்லையா அக்கா?